கோத்தகிரி ஏற்றத்தில் கேம்பர் டிரெய்லரின் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது: உதவி தேவை

கோவைப்பயணி

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறிக்கொண்டிருக்கிறோம். காருக்குப் பின்னால் ஒற்றை அச்சு கேம்பர் டிரெய்லர், உள்ளே படுத்துக்கொள்ளும் வசதியுள்ள இழுவண்டி. சாமான்களோடு சுமார் 700 கிலோ. முள்ளூர் தாண்டியதும் தீய்ந்த வாடை. இறங்கிப் பார்த்தால் இடது ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) கை வைக்க முடியவில்லை. வலது ஹப் சில்லென்று இருக்கிறது. இடது ரிம்மின் உட்புறம் கிரீஸ் உருகிக் கறுப்பாகச் சிதறியிருக்கிறது. கார் வேகம் குறைந்தால் டிரெய்லர் முன்னே முட்டி, காரோடு இணைக்கும் கப்ளிங் அமுங்கித் தானாகப் பிடிக்கும் பிரேக் இதில் இருக்கிறது. பிரேக் சிக்கிக்கொண்டதா, பேரிங் போய்விட்டதா? மெதுவாகத் திரும்பி மேட்டுப்பாளையம் இறங்கிவிடலாமா? தேயிலைத் தோட்டத்தை ஒட்டி அகலமான இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறேன். வீட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு வருவானேன் என்று மாமியார் கேட்கத் தொடங்கிவிட்டார்.

மலைப்பட்டறை

இறங்கவே இறங்காதீர்கள் தம்பி. ஏற்றத்தில் கப்ளிங் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அந்த வகைப் பிரேக்குக்கு அப்போது வேலையே கிடையாது. இரண்டு ஹப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங், இல்லையென்றால் அந்தப் பக்கத்துப் பிரேக் விடாமல் உரசுகிறது. எதுவாக இருந்தாலும் இறக்கத்தில் நிலைமை மோசமாகும். பேரிங் முழுதாக உடைந்தால் சக்கரமே கழன்று போகும்.

சூடான ஹப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தானாக ஆறட்டும். காரிலிருந்து டிரெய்லரைக் கழற்ற வேண்டாம். காரை கியரில் போட்டுக் கைபிரேக்கை இழுத்துவிட்டு, வலது சக்கரத்துக்குப் பள்ளப் பக்கமாகக் கட்டை கொடுங்கள். டிரெய்லரின் கைபிரேக் மட்டும் விடுபட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனையே தப்பாகிவிடும். பிறகு இடது பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங். ஆட்டமில்லாமல் சுற்றுவதற்கு மட்டும் இறுக்கமாக இருந்தால் பிரேக். அடியில் கை, கால் எதையும் நீட்ட வேண்டாம்.

குன்னூர்க்காரி

குழந்தைகள், பெரியவர்கள் யாரும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம். சாலையை விட்டு மேட்டுப்புறம் நிற்கட்டும். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னாலேயே வைத்துப் பயனில்லை, முந்தைய வளைவுக்கும் கீழே வையுங்கள். பனிமூட்டம் இறங்கிவிட்டால் பஸ் ஓட்டுநருக்கு அது ஒன்றுதான் கண்ணில் படும். 1033 தேசிய நெடுஞ்சாலைக்கான எண். குன்னூர்ப் பாதைக்கு அது பொருந்தும். நீங்கள் நிற்பது மாநில நெடுஞ்சாலை. அவசரமென்றால் 112 அழையுங்கள்.

கட்டைக்குப் பதில் கல் வைத்திருந்தால் புறப்படும்போது ஓரமாக எடுத்துப் போட்டுவிடுங்கள். லாரிக்காரர்கள் விட்டுப்போகும் கற்களில் இரவில் மோட்டார் சைக்கிள்காரர்கள்தான் விழுகிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

கோவைப்பயணி

தூக்கிப் பார்த்தேன். நன்றாகவே ஆடுகிறது. சுற்றினால் மணல் அரைபடுவதுபோல் கரகரவென்று சத்தம். இப்படியே மெல்ல உருட்டிக்கொண்டு மேலே அரவேணு ஊர்வரை போய்விடலாமா?

மலைப்பட்டறை

பேரிங்தான். உருட்ட வேண்டாம், அச்சு முனை தேய்ந்துவிட்டால் லேத் பட்டறை வேலை, செலவும் கூடும். பக்கத்தில் யாராவது மெக்கானிக் கிடைத்தால் அங்கேயே ஹப்பைக் கழற்றச் சொல்லுங்கள். உள் பேரிங், வெளிப் பேரிங் இரண்டும் அளவில் வேறு. எண் பொறித்திருக்கும், துடைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒருவர் கோத்தகிரிக்கு பஸ் ஏறட்டும். பழைய கப்பில் (பேரிங்கின் வெளிவளையம்) புதிய கோனை (உருளைகளோடு கூடிய உள்வளையம்) மட்டும் போட்டு ஒப்பேற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், இரண்டும் ஜோடியாகவே மாற வேண்டும். கிரீஸ் வெளியே வராமலும் தண்ணீர் உள்ளே போகாமலும் தடுக்கும் ஆயில் சீலும் புதிதாக இருக்க வேண்டும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் புதியதை அடைக்க வேண்டும்.

ஹப்பைப் பிடித்திருக்கும் அச்சு நட்டை முரட்டுத்தனமாக இறுக்கினால் புதிய பேரிங்கும் எரியும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு துளி தளர்த்தி, நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் போட வேண்டும்.

யானைப்பாதை

பகலிலேயே முடித்துவிடப் பாருங்கள். நல்லவேளை, மேலே ஏறி வந்துவிட்டீர்கள். குஞ்சப்பனைப் பக்கம் நின்றிருந்தால், பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கே வரும். இருட்டிவிட்டால் டிரெய்லருக்குள் படுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உள்ளே பழமும் அரிசியும் வேறு இருக்கும்.

கோவைப்பயணி

வேலை முடிந்தது. கோத்தகிரி வந்து சேர்ந்துவிட்டோம். சீலின் உதடு கிழிந்து உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கப் முழுக்கத் துருக்குழி, உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. வலது பக்கத்தையும் பிரித்துப் பார்த்து கிரீஸ் மாற்றிவிட்டார் மெக்கானிக். நாளை மறுநாள் இதே வழியில் இறங்க வேண்டும். இறக்கத்தில் மறுபடி ஹப் சுட்டால் என்ன செய்வது?

மலைப்பட்டறை

சுடத்தான் செய்யும். இறக்கத்தில் டிரெய்லர் காரை முட்டிக்கொண்டே வரும், பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் சுட்டால் பயமில்லை. ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் நிறுத்திவிடுங்கள். இரண்டாம் கியரிலேயே வாருங்கள், காரின் பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டே வராதீர்கள். புறப்படும்முன் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டிய சக்கரத்தில் அவை கொஞ்சம் தளரும்.