அர்மாத்தர்: தமிழில் என்ன சொல்வது?

புதுவை:
நண்பர்களுக்கு வணக்கம். பிரான்ஸின் சேன்-மாலோ துறைமுக நகரில் உள்ள ஆஸ்ஃபெல்ட் மாளிகை பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மகோன் த ல லாந்த் 1725இல் கட்டிய கருங்கல் வீடு. 1944இல் மதிலுக்குள் இருந்த நகரின் பெரும்பகுதி எரிந்தபோது தப்பிய சிலவற்றுள் ஒன்று. அவரைப் பிரெஞ்சில் ‘அர்மாத்தர்’ என்கிறார்கள். ‘கப்பல் உரிமையாளர்’ என்று எழுத மனம் வரவில்லை. கப்பலில் பலருக்குப் பங்கு இருக்கும். பாய், பீரங்கி, மாலுமி, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் சேர்த்து அதைக் கடலுக்கு அனுப்புபவரே அர்மாத்தர்.

தஞ்சை:
சொல் நம்மிடமே இருக்கிறது. கண்ணகியின் தந்தையான கடல் வணிகன் மாநாய்கன் அல்லவா? ‘நாய்கர் மனை’ என்று எழுதுங்கள். நாய்கன் ‘நாவிக’ என்ற வடசொல்லின் திரிபு என்பார்கள்; நான் ஏற்கமாட்டேன். நாவாயிலிருந்தே பிறந்திருக்க வேண்டும்.

புதுவை:
முயன்றேன் ஐயா. மெய்ப்புப் பார்த்தவர் ‘நாயக்கர் மனை’ என்று திருத்திவிட்டார். வாசகர் மதுரைக்குப் போய்விடுவார்.

கோவை:
‘அர்மே’ என்றால் ஆயத்தப்படுத்துதல். யானையையும் தேரையும் போருக்கு ஆயத்தம் செய்வதைப் ‘பண்ணுதல்’ என்றார்கள் முன்னோர். ஆகவே ‘கலம் பண்ணுநர்’. இதைவிடப் பொருந்தும் தூய தமிழ்ச்சொல் கிடைக்காது.

யாழ்ப்பாணம்:
வகுப்பில் இதைப் படிக்கும் பிள்ளை கப்பல் கட்டும் தச்சர் என்றே நினைக்கும். படகும் வலையும் முன்பணமும் கொடுத்து ஆட்களைத் தொழிலுக்கு அனுப்புபவரை எங்கள் கரையில் ‘சம்மாட்டியார்’ என்போம். அதே வேலைதானே?

தஞ்சை:
மீன்பிடித் தொழிலின் சொல்லை அரண்மனை போன்ற வீட்டுக்கு எப்படி வைப்பது? 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே பிறந்த ஊர் அது. அந்த ஊர் வணிகர்களின் கப்பல்கள் புதுச்சேரிக்கே வந்திருக்கின்றன.

யாழ்ப்பாணம்:
வீடு பெரிதானால் தொழில் மாறிவிடுமா ஐயா? கடலுக்கு ஆள் அனுப்புபவனின் கணக்கு எந்தக் கரையிலும் ஒன்றுதான்.

கோவை:
‘கப்பல் வணிகர்’ என்று முடித்துவிடலாமா? எல்லோருக்கும் விளங்கும். ‘பண்ணுநர்’ அடுத்த பதிப்புக்கு நிற்கட்டும்.

புதுவை:
மூவர் அதற்கே இசைந்து தனிமடல் எழுதியிருக்கிறார்கள். ‘கப்பல் வணிகர் மாளிகை’ என்று அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் விளக்கம் உண்டு.

யாழ்ப்பாணம்:
வணிகர் என்றதும் சரக்கு மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. பீரங்கியும் மாலுமியும் மறைந்துவிட்டார்கள். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.