நிரந்தர மார்க்கர் மை தண்ணீரில் பிரியாதது ஏன்?

கேள்வி: மாலை வகுப்பு ஆசிரியை, சுங்கை சிப்புட்

வணக்கம். எங்கள் தோட்ட மண்டபத்தில் படிவம் ஒன்று மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். ஆய்வுக்கூட வசதி இல்லாததால் காப்பி வடிகட்டும் தாள், கண்ணாடிக் குவளை, தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டே மைகளின் நிறங்களைப் பிரித்துக் காட்டினேன். வண்ணம் தீட்டும் கறுப்புப் பேனாவின் மை, நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக அழகாகப் பிரிந்தது. நிரந்தர மார்க்கரின் கறுப்புப் புள்ளியோ வைத்த இடத்தை விட்டு நகரவே இல்லை. "அப்படியென்றால் அது கலப்பில்லாத கறுப்புத்தானே, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இதைக் கொண்டே கரைதிறனை விளக்க விரும்புகிறேன். மாணவர்கள் முன்னிலையில் வேறு எந்தக் கரைப்பானைப் பயன்படுத்தலாம்?

மறுமொழி 1: ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர், ஈப்போ

டீச்சர், அந்த மாணவிக்கு உடனே விடை சொல்லிவிடாதீர்கள். புள்ளி நகரவில்லை என்பதிலிருந்து, அந்த மை தண்ணீரில் கரையவில்லை என்று மட்டுமே நாம் கருத முடியும். அதில் எத்தனை சாயங்கள் உள்ளன என்பது தெரியாது. மருந்துக்கடையில் காயம் துடைக்க விற்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் குவளையில் சிறிதளவு ஊற்றி, அதே மார்க்கரால் வேறொரு தாளில் புள்ளியிட்டு நிறுத்துங்கள். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், அருகில் நெருப்பு இருக்கக் கூடாது, ஆவி வெளியேறாதபடி குவளையைத் தட்டால் மூடிவிட வேண்டும். ஊற்றும் வேலையை நீங்களே செய்வது நல்லது. பெரும்பாலான நிரந்தர மைகள் இதில் நகரத் தொடங்கும். கரைதிறன் மைக்கு மட்டும் உரிய குணமன்று, மையும் கரைப்பானும் சேர்ந்து தீர்மானிப்பது என்பதை அந்த இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்தாலே மாணவர்கள் புரிந்துகொள்வார்கள்.

சில கறுப்பு மைகள் ஆல்கஹாலிலும் அசையாமல் இருக்கும். அவற்றில் இருப்பது சாயமன்று, கரையாத கரியின் நுண்துகள்கள். பால்மரத்துப் பாலிலும் ரப்பர் கரைந்திருப்பதில்லை, நுண்துகள்களாகவே மிதக்கிறது. அதனால்தான் பார்மிக் அமிலம் ஊற்றியதும் திரண்டுவிடுகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

மறுமொழி 2: அறிவியல் ஆசிரியை, தெலுக் இந்தான்

மேலே ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். மையோடு நிறுத்திவிடாமல் சங்குப்பூவையும் மஞ்சள்தூளையும் சோதித்துப் பாருங்கள். சங்குப்பூவின் நீலம் தண்ணீரிலேயே இறங்கிவிடும். மஞ்சளின் நிறமியான குர்குமின் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். செம்பனைப் பழத்தில் பிழிந்த எண்ணெயைச் சிவப்பாக்கும் கரோட்டினோ தண்ணீரில் கரைவதே இல்லை. இந்த மூன்றும் உங்கள் ஊரிலேயே கிடைக்கும்.

மறுமொழி 3: ஆய்வக உதவியாளர், கம்பார்

செய்முறையில் இரண்டு குறிப்புகள். அடிக்கோட்டைப் பென்சிலால்தான் போட வேண்டும், பேனாவால் போட்டால் கோட்டின் மையும் சேர்ந்து ஏறும். கரைப்பானின் மட்டம் புள்ளிக்குக் கீழேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் மை தாளில் ஏறாமல் குவளையிலேயே கரைந்துவிடும்.

நன்றாகக் கரையும் சாயமே அதிக உயரம் ஏறும் என்று பல பயிற்சி நூல்கள் எழுதுகின்றன. அது பாதி உண்மைதான். தாளின் இழைப்பொருளான செல்லுலோசு எந்தச் சாயத்தை எவ்வளவு பிடித்து வைக்கிறது என்பதும் சேர்ந்தே உயரத்தைத் தீர்மானிக்கிறது. இப்படி இரண்டு ஊடகங்களுக்கு இடையே பொருள்கள் பங்கிடப்படுவதைப் பிரித்தலுக்குப் பயன்படுத்திய வேதியியலாளர்கள் மார்ட்டினும் சிங்கும் 1952இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். வகுப்பில் அளந்து காட்ட விரும்பினால், சாயம் ஏறிய தொலைவைக் கரைப்பான் ஏறிய தொலைவால் வகுக்கச் சொல்லுங்கள்: 6 செ.மீ.யை 8 செ.மீ.யால் வகுத்தால் 0.75.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. ஆல்கஹாலில் ஏற்றினாலும் அதே சாயத்துக்கு 0.75தான் வருமா?

மறுமொழி 3, மீண்டும்:

வராது, டீச்சர். கரைப்பானோ தாளோ மாறினால் அந்த எண்ணும் மாறிவிடும். ஆகவே ஒப்பிட வேண்டிய மைகளை ஒரே தாளில், ஒரே குவளையில் ஏற்றுங்கள்.