'சென்டர்' என்ற சொல்லின் வேர்: கேந்திரம், சென்ட்ரிங், சென்ட் எல்லாம் சொந்தமா?

கோட்டாறு_ஆங்கிலம்:

எல்லாருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்து, அது எங்க பிறந்து எப்படி வந்துதுன்னு ஒரு பாடவேளை நடத்தணும். பிள்ளைகள் வீட்டிலயும் கேக்கிற சொல்லா இருக்கட்டும்னு 'சென்டர்' எடுத்திருக்கேன். கிரேக்கம் 'கென்ட்ரான்', லத்தீன் 'சென்ட்ரும்', பிரெஞ்சு 'சான்த்ர்', அப்புறம் ஆங்கிலம்னு அகராதியில வரிசை இருக்கு. சம்சயம் அதுக்கு மேலதான்.

கன்னியாகுமரியில விவேகானந்த கேந்திரம் இருக்கு. அந்தக் 'கேந்திரம்' சமஸ்கிருதம்னா, கிரேக்கச் சொல்லோட ஒலி எப்படி ஒத்துப்போகுது? ஜாதகத்தில 1, 4, 7, 10 இடங்களையும் கேந்திரம்னு சொல்றாங்க, அதுல ஒண்ணுகூட நடுவுல இல்லையே? கான்கிரீட்டுக்கு முட்டுக்கொடுக்கிற வேலைக்கு ஏன் சென்ட்ரிங்னு பேரு? பத்து சென்ட் நிலம்ங்கிற சென்ட்டும் இதே வேரா? ஸ்பெல்லிங்கில கடைசியில வர்றது 'ஆர்-ஈ' மூத்ததா, 'ஈ-ஆர்' மூத்ததா? தெரிஞ்சவங்க விவரமா எழுதினா பெரிய உதவி.

---

தக்கலை_சொல்லாய்வு:

டீச்சர், வகுப்பைத் தொடங்கும்போதே பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். கென்ட்ரான் என்ற சொல்லுக்கு முதல் பொருள் குத்தும் முனை. 'கென்டெயின்' என்றால் குத்துதல். மாட்டையும் குதிரையையும் ஓட்டுகிற தார்க்குச்சியின் முள்தான் கென்ட்ரான். 'நடு' என்ற பொருள் பிறகுதான் வந்து சேர்ந்தது.

இதற்கு நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் பலர் காதால் கேட்ட சான்றே இருக்கிறது. புதிய ஏற்பாடு எழுதப்பட்டது கிரேக்கத்தில். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலுக்குச் சொல்லப்படும் 'முள்ளில் உதைக்கிறது' என்ற தொடரில் முள்ளுக்கு மூலச்சொல் கென்ட்ரான். அடக்க ஆராதனைகளில் வாசிக்கிற 'மரணமே! உன் கூர் எங்கே?' என்ற 1 கொரிந்தியர் 15:55 வசனத்தில் 'கூர்' என்று தமிழில் வந்திருப்பதும் அதே சொல். வெளிப்படுத்தின விசேஷம் 9ஆம் அதிகாரத்தில் தேளின் வாலைப் போன்ற வாலில் இருக்கும் கொடுக்குக்கும் அதே சொல்தான். இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

முள் எப்படி நடு ஆனது? ஜியோமெட்ரி பாக்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். காம்பஸின் ஒரு கால் தாளில் குத்தி நிற்கும், மறுகால் சுற்றி வட்டம் போடும். குத்தி நிற்கிற முனை கென்ட்ரான். அது குத்திய இடமும் கென்ட்ரான். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் வடிவியல் நூலின் முதல் புத்தகத்தின் 15, 16ஆம் வரையறைகளில் வட்டத்தையும் அதன் கென்ட்ரானையும் வரையறுக்கிறார். ரோமர்கள் சொல்லை அப்படியே எடுத்துச் 'சென்ட்ரும்' ஆக்கிக்கொண்டார்கள்.

ஆங்கிலத்தில் இது 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைகாட்டுகிறது. ஆங்கிலக் கவிஞர் சாசர் 1391 வாக்கில், பத்து வயது மகன் லூயிஸுக்கு அஸ்ட்ரோலேப் என்ற வானியல் கருவியை விளக்கி எழுதிய நூலில் இந்தச் சொல் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பொருத்தமான தகவல் இது. அந்தக் காலத்தில் பூமிதான் பிரபஞ்சத்தின் நடு என்று நம்பியதால் 'தி சென்டர்' என்றாலே பூமி என்ற வழக்கும் இருந்தது. ஷேக்ஸ்பியரின் ட்ராய்லஸ் அண்ட் கிரெசிடா நாடகத்தில் கோள்களோடு சேர்த்து 'இந்த சென்டர்' என்று வருவது பூமியைத்தான். இது தெரியாமல் படித்தால் அந்த வரியே பிடிபடாது.

'சென்ட்ரல்' என்ற பெயரடை 17ஆம் நூற்றாண்டில் வந்தது. நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிபியாவில் நடுவை நாடும் விசைக்கு 'சென்ட்ரிபீட்டல்' என்று பெயர் வைத்தார். நடுவை விட்டு ஓடும் விசைக்கு அதற்கு முன்பே டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 'சென்ட்ரிஃப்யூகல்' என்று பெயர் வைத்திருந்தார். லத்தீனில் 'பெட்டேரே' நாடுவது, 'ஃபுகேரே' ஓடுவது. அரசியலில் இடது, வலது, சென்டர் என்ற பிரிவு 1789 பிரெஞ்சு தேசிய சபையில் உறுப்பினர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து வந்தது.

ஸ்பெல்லிங்: ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 தொகுப்பான ஃபோலியோ, கவிஞர்கள் மில்டன், போப் எல்லாரிடமும் 'ஈ-ஆர்' வடிவம் இருக்கிறது. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சன் அகராதி 'ஆர்-ஈ' என்று போட, பிரிட்டனில் அது நிலைத்தது. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டரின் 1806, 1828 அகராதிகள் 'ஈ-ஆர்' வடிவத்தை நிலைநிறுத்தின. ஆகவே 'ஈ-ஆர்' அமெரிக்கர்கள் கெடுத்த ஸ்பெல்லிங் என்று சொல்லிக்கொடுப்பது தவறு. நம் பாடப்புத்தகம் பிரிட்டிஷ் முறை, தேர்வில் 'ஆர்-ஈ' எழுதட்டும். 'சென்டர்டு', 'சென்ட்ரிங்' என்று எழுதும்போது அந்தக் கடைசி 'ஈ' என்ன ஆகிறது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள்: 'சென்டர்டு' என்றால் 'ஆர்-ஈ-டி', 'சென்ட்ரிங்' என்றால் 'ஈ' போய் 'ஆர்-ஐ-என்-ஜி'.

சென்ட் இந்தக் குடும்பமே கிடையாது. அது லத்தீன் 'சென்டும்', நூறு. ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, 435.6 சதுர அடி. பெர்சென்ட், செஞ்சுரி, சென்டிமீட்டர் எல்லாம் அதன் பங்காளிகள்.

---

குழித்துறை_பிரசன்னம்:

கேந்திரம் கேள்விக்கு மட்டும் பதில். சமஸ்கிருதச் சோதிட நூல்கள் யவனர்களிடமிருந்து, அதாவது கிரேக்கர்களிடமிருந்து, எடுத்துக்கொண்ட கலைச்சொற்களில் இது ஒன்று. 6ஆம் நூற்றாண்டுச் சோதிட அறிஞர் வராகமிகிரர் தன் பிருஹத்ஜாதகத்தில் ராசிகளுக்குக் கிரேக்கப் பெயர்களையே பட்டியல் போடுகிறார்: மேஷத்துக்குக் கிரிய, ரிஷபத்துக்குத் தாவுரி, மிதுனத்துக்கு ஜிதும. ஓரை என்று நாம் சொல்கிற ஹோராவும் அந்த வழிதான்.

நம் ஜோசியர்கள் இன்றும் 1, 4, 7, 10 கேந்திரம், 2, 5, 8, 11 பணபரம், 3, 6, 9, 12 ஆபோக்லிமம் என்கிறார்கள். மூன்றுமே கிரேக்கம்: கென்ட்ரான், எபனபோரா, அபோக்லிமா. கட்டத்தின் நடுவில் வீடே கிடையாது, ராசி என்றோ நவாம்சம் என்றோ எழுதிவைக்கிற வெற்றிடம் அது. அப்படியிருக்க நான்கு இடத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், மேலே அண்ணாச்சி சொன்ன 'குத்திய முனை' என்ற பொருளை வைத்துப் பார்க்கணும். உதயமாகும் புள்ளி, உச்சிப் புள்ளி, அஸ்தமிக்கும் புள்ளி, நேர் கீழே இருக்கும் பாதாளப் புள்ளி. வானத்தை இந்த நான்கு இடத்தில் முளையடித்து நிறுத்தியதாகக் கணக்கு. உதயம் 1, பாதாளம் 4, அஸ்தமனம் 7, உச்சி 10.

இதே நான்கையும் லத்தீன்காரர்கள் 'கார்டோ', அதாவது கதவுக் குடுமி என்று மொழிபெயர்த்தார்கள். ஆங்கிலத்தில் கார்டினல் திசைகள் என்கிற சொல் அந்தக் குடுமியிலிருந்து வந்தது. முதன்மையானது என்ற பொருளும், கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினாலும் அதே வேராக்கும்.

விவேகானந்த கேந்திரம் 1972இல் தொடங்கியது. அந்தப் பெயரில் இருப்பது 'மையம், நிலையம்' என்ற பிற்காலப் பொருள். ஆங்கில சென்டரும் கேந்திரமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றிலிருந்து மற்றொன்று வரவில்லை.

---

மார்த்தாண்டம்_சிவில்:

சென்ட்ரிங் ஆர்ச்சிலிருந்து வந்த சொல். கல்லாலோ செங்கல்லாலோ வளைவு கட்டும்போது, அடியில தற்காலிகமா நிறுத்துற மரச்சட்டத்துக்கு ஆங்கிலத்தில சென்டர், சென்ட்ரிங்னு பேரு. அந்தச் சட்டத்தை வெட்டுறதே காம்பஸ் முறையிலதான். சமதளமான தரையில வளைவு தொடங்குற மட்டத்துக்கு ஒரு கோடு, அதுல நடுப்புள்ளியில ஒரு ஆணி, ஆரத்தின் நீளத்துக்குக் கம்பி (நூல் போட்டா இழுபடும், வளைவு கோணும்), மறுமுனையில பென்சில். போட்ட கோட்டுக்கு உள்பக்கமா பலகைத் தடிமனைக் கழிச்சு வெட்டணும். கழிக்க மறந்தா வளைவு அந்த அளவு பெரிசாகிப் போகும்.

சட்டத்தை நேரா முட்டு மேல வைக்கப்படாது. ரெண்டு ஆப்பை எதிரெதிரா வச்சு அதுமேல நிறுத்தணும். கல்லை ரெண்டு பக்கமும் சமமா ஏத்திக்கிட்டு வந்து, உச்சிக்கல்லைக் கடைசியில இறக்கணும். ஒரு பக்கம் மட்டும் ஏத்தினா அந்தப் பக்கம் அமுங்கி உச்சி மேல தூக்கும். காரை இறுகின பிறகு ஆப்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தினா வளைவு தன் பாரத்தைத் தானே வாங்கும். ஒரே தட்டுல உருவினா விரிசல்.

ஆர்ச் போய் ஆர்.சி.சி. (கம்பி கட்டின கான்கிரீட்) வந்த பிறகும் கொத்தனார்மாரும் ஆசாரிமாரும் பழைய பேரையே வச்சுக்கிட்டாங்க. இப்ப தட்டையான தளத்துக்குத் தகரமும் சவுக்குக் கம்பும் ஜாக்கியும் நிறுத்துறதும் சென்ட்ரிங்தான்.

எழுதுறதோட எழுதுறேன், சென்ட்ரிங்கைக் கழட்டுற காலம் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456:2000 சொல்றது: பக்கப் பலகை 16 முதல் 24 மணி நேரம். தளத்தின் அடித்தகரம் 3 நாள், பீமின் அடிப்பலகை 7 நாள், ரெண்டுலயும் கழட்டின உடனே முட்டைத் திரும்பக் கொடுக்கணும். முட்டை முழுசா எடுக்கிறது, தளம் 4.5 மீட்டர் வரைக்கும் 7 நாள், அதுக்கு மேல 14. பீமுக்கும் ஆர்ச்சுக்கும் 6 மீட்டர் வரை 14, அதுக்கு மேல 21. இது சாதா ஓ.பி.சி. சிமெண்டுக்கும், வெப்பம் 15 டிகிரிக்குக் குறையாத இடத்துக்கும். பி.பி.சி. சிமெண்ட் (சாம்பல் மாதிரிப் பொருள் கலந்தது) ஆரம்பத்தில மெதுவா இறுகும், அதனால இந்த நாள் கணக்கைக் கூட்டித்தான் எடுக்கணும்.

---

தக்கலை_சொல்லாய்வு:

சிவில் அண்ணன் சொன்ன வரலாறு சரி. வேரில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆர்ச் சட்டத்துக்குப் பிரெஞ்சில் 'சேன்த்ர்' என்று பெயர். அது சென்டரைக் குறிக்கும் 'சான்த்ர்' இல்லை. 'சேன்த்ர்' என்பது லத்தீன் 'சிங்க்துரா', அதாவது இடுப்புக்கச்சை, வளைத்துக் கட்டுவது என்ற வேரிலிருந்து வந்தது. ஆங்கிலக் கட்டட வழக்கில் இரண்டும் ஒலியால் நெருங்கி ஒன்றுபோல் ஆகிவிட்டன. ஆகவே வகுப்பில் 'சென்ட்ரிங் சென்டரிலிருந்து நேராக வந்தது' என்று அடித்துச் சொல்ல வேண்டாம், டீச்சர். 'சென்டரோடு கலந்துபோன கட்டடச் சொல்' என்று சொன்னால் பழுதில்லை.

---

கோணம்_டர்னர்:

கென்ட்ரானின் பழைய பொருள் அழியாம இருக்கிற இடம் லேத் பட்டறை. ஐ.டி.ஐ. பிள்ளைகள் முதல்ல கையில எடுக்கிற டாட் பஞ்ச், சென்டர் பஞ்ச் ரெண்டுமே குத்தி நடு காட்டுற கருவி. டாட் பஞ்ச்சின் முனை 60 டிகிரி, கோடு போட்ட இடத்தில லேசாக் குறி வைக்க. சென்டர் பஞ்ச் 90 டிகிரி, துளை போடுற இடத்தை ஆழமாக் குத்த. ட்ரில் பிட்டின் நுனி நடுவுல வெட்டாது, தேய்க்கத்தான் செய்யும். குழி இல்லாட்டி அது வழுக்கி ஓடும். அதுக்குத்தான் இந்தக் குத்து.

உருண்டைக் கம்பியின் முகத்தில நடு கண்டுபிடிக்க: முகத்தில சாக்பீஸ் தேச்சு, ஜென்னி காலிப்பரை (ஒரு கால் விளிம்பைப் பிடிக்க, மறுகால் கோடு போடுற கவராயம்) ஆரத்தின் அளவுக்கு ஏறக்குறைய வச்சு, விளிம்பிலிருந்து நாலு பக்கமும் நாலு வில் போடணும். நடுவுல சின்னதா ஒரு கட்டம் விழும், அதுக்குள்ள டாட் பஞ்ச். சரியா ஆரமே அமையணும்னு கட்டாயம் இல்லை, நாலு தடவையும் அளவு மாறாம இருந்தாப் போதும்.

லேத்தில கம்பியை முனையில தாங்குற சென்டரின் முனையும் 60 டிகிரிதான், அதுக்குக் குழி போடுற சென்டர் ட்ரில்லும் அதே கோணம். கூம்பைத் தாண்டி ஆழமா இறக்கினா சென்டர் விளிம்புல மட்டும் உக்காரும், வேலை ஆடும். மேலோட்டமா விட்டா முனை அடியில முட்டித் தேஞ்சு போகும். வால்பக்கத்து டெயில்ஸ்டாக் சென்டர், சுழற்றுற பக்கத்து ஹெட்ஸ்டாக் சென்டரோட நேர்கோட்டில இல்லைன்னா கம்பி ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்துக் கூம்பா வரும்.

எக்சென்ட்ரிக் சேர்த்துச் சொல்லுங்க. 'எக்' வெளியே, 'கென்ட்ரான்' நடு. பழைய கிரேக்க வானியலாளர் டாலமியின் வானியலில பூமி நடுப்புள்ளியிலிருந்து விலகி நிக்கிற வட்டத்துக்கு வச்ச பேரு. நடு விலகின வட்டத்தட்டுக்கு இஞ்சின்காரங்க இன்னும் அப்படித்தான் சொல்றாங்க. ஊரோட ஒட்டாத குணமுள்ள ஆளைச் சொல்றது 17ஆம் நூற்றாண்டுல வந்த வழக்கு.

---

கோட்டாறு_ஆங்கிலம்:

ரொம்ப நன்றி, எல்லாருக்கும். காம்பஸ், சென்டர் பஞ்ச் ரெண்டையும் வகுப்புக்குக் கொண்டுபோறேன். ஒரே ஒரு இலக்கணக் கேள்வி: 'மிடில்' எங்க, 'சென்டர்' எங்க? 'சென்டர்டு அரவுண்ட்' சரியா?

---

தக்கலை_சொல்லாய்வு:

எல்லாப் பக்கமும் சமதூரத்தில் ஒரு புள்ளி இருந்தால் சென்டர். வட்டம், ஊர், மைதானம். நீளமானதற்கும் நேரத்துக்கும் மிடில்: சாலை, வரிசை, இரவு, மாதம். 'சென்டர் ஆஃப் தி நைட்' என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை.

'சென்டர்டு அரவுண்ட்' பேச்சிலும் எழுத்திலும் பரவலாக இருக்கிறது. ஆனால் புள்ளியில் குத்தி நிற்பது புள்ளியைச் சுற்றி எப்படி நிற்கும் என்று கேட்டு அதைத் தவறு என்று அடிப்பவர்கள் உண்டு. தேர்வில் 'சென்டர்டு ஆன்' எழுதச் சொல்லுங்கள். சுற்றுவதைத்தான் சொல்ல வேண்டும் என்றால் 'ரிவால்வ்ஸ் அரவுண்ட்'.