ஒரு கையெழுத்துக்குப் பயந்தேன்

வேளச்சேரியில் எங்கள் வீட்டில் 11 வருடம் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைத்த அக்கா ஒருவர் இருந்தார். ஒன்றாம் தேதி சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடுவேன். எதையும் எழுதி வைத்ததில்லை. என்னை அவர் நம்பினார், அவரை நான் நம்பினேன், அவ்வளவுதான்.

2019-இல் ஒருநாள் படிவம் ஒன்றோடு வந்தார். வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிய வேண்டுமாம். "உங்க வீட்ல வேலை செய்யறேன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடும்மா, சங்கத்துல கேக்கறாங்க" என்றார்.

"நாளைக்கு பிஎஃப், கேஸ்னு ஏதாவது வந்தா என்ன பண்ணுவ?" என்று என் கணவர் தடுத்தார். எனக்கும் உள்ளுக்குள் பயம். முந்தைய வருடம்தான் வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் என்று தமிழக அரசு குறைந்தபட்சக் கூலி அறிவித்திருந்தது. தினமும் இரண்டரை மணி நேரம் வேலை. மாதம் 26 நாள் என்று பார்த்தாலே 2,400 ரூபாய் வரும். நான் கொடுத்தது 2,000. கையெழுத்துப் போட்டால் அது வெளியே தெரிந்துவிடுமே என்று, "அப்புறம் பார்க்கலாம்க்கா" என்றேன். அவர் மறுபடி கேட்கவே இல்லை.

அந்தப் படிவம் அவர் வீட்டு வேலை செய்கிறவர் என்பதற்கான சான்று மட்டும்தான். பதிந்திருந்தால் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, விபத்து நேர்ந்தால் உதவித்தொகை, 60 வயதுக்குமேல் மாத ஓய்வூதியம் எல்லாம் உண்டு. 2007-லிருந்தே இந்த வாரியம் இருக்கிறது. நான் விசாரிக்கக்கூட இல்லை.

2022-இல் முட்டிவலி தாங்காமல் வேலையை விட்டார். கணக்கு முடிக்கும்போது இன்னொரு சங்கடம். மகள் படிப்புக்கு வாங்கிய அட்வான்ஸில் நான்கு மாதம் பாக்கி என்றேன், இரண்டுதான் என்றார். காட்ட இருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அவர் முகம் சுருங்கிப்போனது. "சரிக்கா, விடுங்க" என்றேன், ஆனால் அந்தப் பேச்சே வந்திருக்கக் கூடாது.

பிறகு அவரை நானே வாரியத்துக்கு அழைத்துப் போனேன். 60 தாண்டினால் பதிய முடியாது. ஆதார்படி அவருக்கு 61. ஆதார் எடுத்தபோது யாரோ குத்துமதிப்பாகப் போட்ட வருடம் அது. நிஜத்தில் 57, 58தான் இருக்கும் என்கிறார். அதை நிரூபிக்கப் பள்ளிச் சான்றிதழுக்கு எங்கே போவார்?

இப்போது சமையலுக்கு வருபவருக்குச் சம்பளம் வங்கிக் கணக்கில் போகிறது. அட்வான்ஸ், லீவு எல்லாம் ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். சேர்ந்த மாதமே அவரை வாரியத்தில் பதிந்தாயிற்று.

அக்காவுக்கு மாதம் 1,200 ரூபாய் அனுப்பி வருகிறேன். வாரியம் கொடுத்திருந்தால் ஆயுள் முழுக்க வந்திருக்கும். இது என் வேலை இருக்கும்வரைதான். என் கம்பெனியில் போன மாதம் ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று இரவு முதலில் அக்காவின் ஞாபகம்தான் வந்தது.