புதுப்பிப்பு: ஆம்ஸ்டர்டாம்–புடாபெஸ்ட் படகுப் பயணம், எந்த அறை, எந்த மாதம்?

ரைன், மைன், டான்யூப் ஆறுகள் வழியாகப் போகும் கப்பலில் பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். துறைகளில் இடம் போதாமல் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். கரையில் நிற்கும் நேரத்தில் பால்கனிக்கு எதிரே பக்கத்துக் கப்பலின் சன்னல்தான். பகலில் கப்பல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மைனையும் டான்யூபையும் இணைப்பது ஜெர்மனியில் பாம்பர்க் முதல் கெல்ஹைம் வரை 171 கி.மீ. கால்வாய், அதில் 16 நீர்ப்பூட்டுகள் (கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடி, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் தொட்டிகள்). பூட்டின் அகலம் 12 மீட்டர், கப்பலின் அகலம் ஏறக்குறைய 11.4. உள்ளே நுழைந்தால் கீழ்த்தள அறைகளில் கான்கிரீட் சுவர் மட்டுமே தெரியும். தாழ்ந்த பாலங்கள் வரும்போது கப்பலை ஓட்டும் மாலுமி அறையையே கீழே இறக்கி, மேல்தளத்தையும் மூடிவிடுவார்கள். நியூரம்பர்க்கில் இறங்குவது சரக்குத் துறைமுகப் பக்கம்; பழைய நகருக்குப் பேருந்துதான்.

மாதம் பற்றிக் கேட்டவர்களுக்கு: கோடை முடிவில் தண்ணீர் குறையும். ரைனில் காவ்ப் என்ற ஊரில் உள்ள நீர்மட்ட அளவுகோலைப் பாருங்கள். அது காட்டும் எண் ஆழம் அல்ல, 78 செ.மீ. என்றால் கப்பல் தடத்தில் சுமார் 1.90 மீட்டர் ஆழம் இருக்கும். 2018 அக்டோபரில் 25 செ.மீ. வரை இறங்கியது. டான்யூபில் சிக்கல் ஷ்ட்ராபிங்–வில்ஸ்ஹோஃபன் இடையே, அங்கே நீரைத் தேக்க அணை கிடையாது. தண்ணீர் குறைந்து கப்பல் நின்றால் பேருந்தில் ஏற்றி, ஆழமில்லாத பகுதிக்கு மறுபுறம் நிற்கும் வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள். பெட்டியைச் சிறிதாக வையுங்கள். பணம் கட்டும் முன், இப்படி மாற்றினால் ஏதாவது திருப்பித் தருவார்களா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள்.