புதுப்பிப்பு: ப்ராமிதியஸின் நினைவகப் பெருக்கம்

எங்கள் கண்காணிப்புச் சர்வரில் ப்ராமிதியஸ் (செயலிகளின் அளவீடுகளைச் சேகரித்து வைக்கும் மென்பொருள்) எடுத்துக்கொள்ளும் நினைவகம் ஏறிக்கொண்டே போவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன், காரணம் பிடிபட்டுவிட்டது. நீங்கள் சொன்னபடி அதன் டிஎஸ்டிபி (காலத்தொடர் தரவுத்தளம்) நிலைப் பக்கத்தைத் திறந்தபோது, வாடிக்கையாளர் எண்ணோடு கூடிய முழு முகவரிப் பாதையையும் லேபிளாக (அளவீட்டோடு ஒட்டி வரும் அடையாளக் குறிப்பாக) அனுப்பிக்கொண்டிருந்த ஒரே ஒரு செயலிதான் பட்டியலின் உச்சியில் இருந்தது. ஒவ்வொரு புதிய லேபிள் மதிப்பும் தனிக் காலத்தொடராகி (நேர வரிசையில் சேரும் மதிப்புகளின் தொடராகி) நினைவகத்தில் இடம்பிடிக்கும் என்பதால், பயனர் எண், மின்னஞ்சல் முகவரி போன்றவற்றை லேபிளாக்க வேண்டாம் என்று ப்ராமிதியஸ் திட்டத்தின் ஆவணமே எச்சரிக்கிறது.

2024 நவம்பரில் வந்த 3.0 பதிப்புக்கு மாறுமாறு ஒருவர் யோசனை சொன்னார். பதிப்பு நல்லதுதான், ஆனால் உள்ளே வரும் தொடர்களின் எண்ணிக்கை குறையாமல் எந்தப் பதிப்பும் இதற்கு முழுத் தீர்வாகாது.

செயலியைத் திருத்தும் வரை அந்த லேபிளோடு வரும் அளவீட்டையே மறுலேபிளிடல் விதியால் (சேமிக்கும் முன் அளவீடுகளை வடிகட்டும் விதி) தடுத்துவைத்தோம், ஏனெனில் லேபிளை மட்டும் நீக்கினால் மிஞ்சும் தொடர்கள் ஒன்றோடொன்று மோதும். அண்மைத் தரவு நினைவகத்தில் இருந்து, பிறகே 2 மணி நேரத் தொகுதிகளாக வட்டுக்குப் போவதால், பலன் உடனே தெரியாது. விதியை மாற்றியவுடன் வரைபடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். மாதிரி வரம்பும் (ஒரு சேகரிப்பில் ஏற்கப்படும் மதிப்புகளுக்கான உச்சவரம்பு) இப்போது வைத்திருக்கிறோம். வரம்பு மீறினால் அந்தச் சேகரிப்பு முழுவதுமே தோல்வியாகக் கருதப்படும் என்பதால், அதற்கென எச்சரிக்கை ஒன்றையும் சேர்த்தாயிற்று.