கிணத்தடியில இருந்து வீட்டுக்கு 180 மீற்றர் பைப்பும் கேபிளும் தாட்டு வைக்கணும்: பெக்கோவா, ஆளா, வேற மெசினா?

வட்டைக்கரை வளவு

எல்லாருக்கும் வணக்கம். எங்கட காணி வவுணதீவுப் பக்கம், ரெண்டு ஏக்கர் வரும். வீடு ரோட்டோட ஒட்டி மேட்டில இருக்கு, கிணறு கீழ வட்டைக் (வயல்வெளி) கரையில, ரெண்டுக்கும் இடையில டேப் புடிச்சு அளந்தா 180 மீற்றர். இவ்வளவு நாளும் கறுப்பு பொலித்தீன் பைப்ப நிலத்துக்கு மேலதான் இழுத்து விட்டிருக்கம், மோட்டருக்குப் போற வயர் வேலிக்கட்டையில கட்டி இருக்கு. மாடு மிதிச்சு பைப் வெடிக்கிறது வழமை, அத வெட்டி சொக்கட் போட்டு சமாளிச்சம், ஆனா போன மாசம் ராவையில யானை வந்து வேலிய இழுத்ததோட வயரும் அறுந்து விழுந்திட்டு. விடிய அம்மா கிணத்தடிக்குப் போகக்குள்ள வயர் ஈர நிலத்தில கிடந்திருக்கு, ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தபடியால தப்பினா. அண்டையில இருந்து எனக்கு நித்திர இல்ல, இந்த மாரிக்கு முன்னுக்கு ரெண்டையும் நிலத்துக்குள்ள போட்டே ஆகணும்.

மண் மூண்டு விதம். மேல ஒரு 100 மீற்றர் சிவப்பு மண், இப்ப அலவாங்கு போட்டா தீப்பொறி பறக்கும். நடுவில 30 மீற்றர் அளவு சரளைக்கல். கீழ மிச்சம் களி, மாரியில முழங்கால் அளவு தண்ணி நிக்கும். பைப் போட வெட்டுற கான் (நீட்டுக் குழி) போற பாதையில தென்னம்பிள்ளை ஒரு வரிசை நிக்குது, மூண்டு வயசு.

பெக்கோ (பக்கெட்டால மண் வெட்டுற பெரிய மெசின்) வச்சிருக்கிற ஒருத்தர் ஒரு நாளில வெட்டித் தாறன் எண்டார். கூலிக்கு ஆள் புடிச்சா ஒரு கிழமைக்கு மேல போகும் போல. யூடியூப்பில சங்கிலியில பல்லு வச்சு ஓடுற ட்ரெஞ்சர் மெசின் பார்த்தன், ஆசையா இருக்கு. எத எடுக்கிற? எவ்வளவு ஆழம் காணும்? பைப்பும் கேபிளும் ஒரே கானுக்குள்ள போடலாமா?

செங்கலடி பெக்கோ

தம்பி நான் 11 வருசமா பெக்கோ ஓட்டுறன், இந்த வேலைக்கு பெரிய பெக்கோவ கூப்பிடாதீங்க. ஆழத்த விட கான்ட அகலத்தத்தான் நீங்க முதல்ல பார்க்கணும். எங்கட வழமையான பக்கெட் ரெண்டு அடி, ரெண்டு அடி ஆழத்துக்கு 180 மீற்றர் வெட்டினா 65 கன மீற்றர், அதாவது 23 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மண் வெளிய வரும். ஒரு இன்ச்சு பைப்புக்கும் ஒரு கேபிளுக்கும் 23 கியூப் எதுக்கு? அதே ஆழத்துக்கு அர அடி அகலத்தில வெட்டினா 6 கியூப்கூட வராது. வெட்டுறது ஒரு நாள்தான், அத திருப்பி மூடி இறுக்கிறதுதான் ஆள உருக்கிற வேலை, பக்கெட்டால தள்ளி மூடிட்டு நாங்க போயிடுவம், ரெண்டு மழை விழ அந்த இடம் தாழ்ந்து உங்கட காணிக்கு நடுவால வாய்க்கால் ஓடும். மெசின்ட பாரமும் 8 தொன் கிட்ட, தென்னம்பிள்ளை வேருக்கும் கூடாது, கிணத்து விளிம்புக்கு கிட்டவும் வரக்கூடாது.

ட்ரெஞ்சர் நல்ல சாமான்தான், 4 இன்ச்சு 6 இன்ச்சில சீரா வெட்டிட்டுப் போகும், உங்கட சிவப்பு மண் கொஞ்சம் ஈரமா இருந்தா சோக்கா ஓடும். ஆனா சரளைக்குள்ள போனா பல்லு போகும், சங்கிலி கழரும், களிக்குள்ள போனா மண் பல்லில அப்பி சுத்தும் ஆனா வெட்டாது. 180 மீற்றருக்காக தூரத்தில இருந்து ஏத்திக் கொண்டு வாற செலவையும் கணக்குப் பாருங்க. என்னக் கேட்டா ஒண்டரை ரெண்டு தொன் சின்ன எக்ஸ்கவேட்டர், ஒரு அடி பக்கெட்டோட. முக்கால் அடி பக்கெட் இருந்தா இன்னும் நல்லம். மணித்தியாலக் கணக்குக்கு பேசக்குள்ள எத்தின மணித்தியாலம் கட்டாயம் எண்டும் ஏத்தி இறக்கிற காசு யார்ட எண்டும் முதலே கேளுங்க.

இன்னொரு விசயம். 2017ல மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி இல்லாத மாவட்டம் எண்டு அறிவிச்சாச்சு, ஆனாலும் உங்கட படுவான்கரைப் பக்கம் (வாவிக்கு மேற்கால) தோண்டக்குள்ள துருப்பிடிச்ச இரும்புச் சாமான் தெரிஞ்சா கையால தூக்கிப் பார்க்க வேணாம். வேலைய நிப்பாட்டிட்டு ஆக்கள விலத்திட்டு பொலிசுக்கு சொல்லுங்க. செல் (வெடிகுண்டு) எண்டது பழசானாலும் செல்தான்.

வெல்லாவெளி விவசாயி

மனே, காய்ஞ்ச மண்ணோட மல்லுக்கட்டாத. புரட்டாதி கடைசி ஐப்பசியில முதல் மழை ரெண்டு விழட்டும், மண் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், கான்ட கரையும் இடியாது. கார்த்திகைக்கு விட்டா உன்ட களிப்பக்கம் தண்ணி ஊறி ஒண்டும் செய்யேலாது, அந்த இடைப்பட்ட ரெண்டு மூண்டு கிழமைதான் உனக்கு கிடைக்கிற காலம். களிப்பக்கத்த மட்டும் இப்பவே செய், அது காய்ஞ்சிருக்கக்குள்ள வெடிப்போட கட்டி கட்டியா பேந்து வரும்.

நான் செஞ்சது சொல்றன். உழவு மெசின் கொழுக் கலப்பையில நடுவில ஒண்ட விட்டுட்டு மத்தக் கொழு எல்லாம் கழட்டினன், கயிறு புடிச்சு சுண்ணாம்புக் கோடு போட்டு அதில ஒரு இழுவை, முக்கால் அடி கீறிக் கொண்டு போச்சு. இளகின மண்ண ஒடுக்க மண்வெட்டியால அள்ளிப் போட்டுட்டு அதுக்குள்ள திரும்ப ஒரு இழுவை. பிறகு மிச்சத்த ரெண்டு பேர் அலவாங்கால சரிக்கட்டினாங்க. 120 மீற்றர் மூண்டு நாளில முடிஞ்சுது, டீசல் காசும் கூலியும்தான். மழையப் பார்த்துக் கொண்டிருக்க ஏலாட்டி முதல் நாள் பின்னேரம் கோட்டு வழிய தண்ணிய விட்டு ராவைக்கு ஊற விடு.

அக்கரைப்பற்று வயரிங்

தம்பி எல்லாரும் கான் வெட்டுறதத்தான் பேசுறாங்க, எனக்கு உங்கட கேபிள்தான் பயமா இரிக்கி. வேலியில கட்டியிருந்த அந்த வயரையே கழட்டி கொண்டுயிட்டுக்குள்ள (வயர் போற பிளாஸ்டிக் பைப்) தள்ளிரலாம் எண்டு நினைச்சிராதீங்க. களிக்குள்ள போற கொண்டுயிட்டுக்குள்ள எப்படியும் தண்ணி சேரும், பசை போட்டாலும் வேர்த்து சேரும், அதால நிலத்துக்குள்ள போடுற கேபிளே வாங்கணும். ஆர்மர்ட் (இரும்புக் கம்பி சுத்தின கேபிள்) எண்டா விலை கூட, ஆனா எலிக்கும் மண்வெட்டிக்கும் அதுதான் தாங்கும், அந்த இரும்புக் கம்பிய ஒழுங்கா எர்த் பண்ணவும் வேணும்.

கேபிள் கம்பிட தடிப்பையும் பாருங்க. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடக்குள்ள 6 அம்பியர் கிட்ட எடுக்கும். 180 மீற்றருக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு போட்டா 230ல 16 வோல்ட் வழியிலேயே போயிரும், 4 போட்டா 10, 6 போட்டா 7க்கு உள்ள. அது ஓடுற நேரக் கணக்கு, ஸ்டார்ட் ஆகக்குள்ள பல மடங்கு இழுக்கும், பின்னேரத்தில லைன் வோல்ட் குறைய மோட்டர் உறுமிட்டு நிக்கிறது, வைண்டிங் கருகிறது எல்லாம் இதாலதான். 6 போடுங்க. கான ரெண்டாம் தரம் வெட்டுற செலவோட பார்த்தா அந்த வித்தியாசம் ஒண்டும் இல்ல.

ஒரே கானுக்குள்ள போடலாம். ஒடுங்கின கான் எண்டபடியா பக்கத்தில பக்கத்தில வைக்கேலா, மேலயும் கீழயும் வைங்க. கேபிள் கீழ, ரெண்டரை அடி ஆழத்தில, அதுக்கு மேல ஒரு அடி மண், பிறகு தண்ணிப் பைப். சில பேர் மறுபக்கமா சொல்லுவாங்க, ஆனா அடிக்கடி உடையிறதும் திருத்துறதும் தண்ணிப் பைப்தான், திருத்தத் தோண்டுறவன்ட மண்வெட்டி முதல்ல கேபிள்ல படக்கூடாது. கேபிளுக்கு மேலயும் கீழயும் நாலு இன்ச்சு மணல், சரளைக்குள்ள இது கட்டாயம், கல்லு அழுத்தி அழுத்தி உறையத் தின்னும். எச்சரிக்கை டேப்பும் மறக்காதீங்க. கொண்டுயிட்ட நீளத்துக்கு இழுக்கிறதெண்டா 50, 60 மீற்றருக்கு ஒரு பெட்டி வைங்க, சட்டெண்டு மடங்கிற எல்போ போடாம நீட்டு வளைவு போடுங்க. உள்ளுக்க ஒரு நைலோன் கயிறு மிச்சமா விட்டு வைங்க. ட்ரிப் சுவிட்ச் உங்கட உம்மாவக் காப்பாத்தின சாமான், அதுல இரிக்கிற டெஸ்ட் பட்டன மாசத்துக்கு ஒருக்கா அமத்திப் பாருங்க.

திருக்கோவில் கடற்கரை

எங்கட பக்கம் முழுக்க மணல், வெட்ட வெட்ட கரை சரியும், அதால வெட்டின அண்டைக்கே போட்டு மூடிடுவம். எனக்கு நடந்தது ஒண்டு சொல்றன், உங்கட களிப்பக்கத்துக்கு உதவும். ஒருக்கா கொண்டுயிட்ட வச்சுட்டு நாளைக்கு மூடுவம் எண்டு விட்டன், ராவைக்கு மழை கொட்டி கான் நிறைஞ்சு, வெறும் பைப் எண்டபடியா முழுக்க மிதந்து வந்திட்டு, கீழ சேறு படிஞ்சு திரும்ப முதல்ல இருந்து வேலை. வச்ச கையோட ரெண்டு மீற்றருக்கு ஒரு இடத்தில மண்ணப் போட்டு அமத்துங்க. தண்ணிப் பைப்பில மோட்டரப் போட்டு ஒழுகுதா எண்டு பார்த்திட்டு, தண்ணி உள்ள இருக்கக்குள்ளயே மூடுங்க.

வட்டைக்கரை வளவு

எல்லாருக்கும் கோடி நன்றி. 2.5 ஒரு ரோல் வாங்க கடையில சொல்லி வச்சிருந்தன், இப்ப போன் எடுத்து வேணாம் எண்டுட்டன். களிப்பக்கம் 50 மீற்றரும் இந்தக் கிழமையே ஆள் வச்சு வெட்டப் போறன். சரளைக்கு மட்டும் சின்ன எக்ஸ்கவேட்டர் ஒருக்கா கூப்பிடப் போறன். மேல சிவப்பு மண்ணுக்கு மாமாட உழவு மெசின் இருக்கு, முதல் மழைக்குப் பிறகு கொழு கழட்டிப் பார்க்கிறம். தென்னம்பிள்ளைக்கு எவ்வளவு தள்ளிப் போறது?

வெல்லாவெளி விவசாயி

ரெண்டு மீற்றர் தள்ளிப் போ மனே, நேர் கோடு எண்டு பார்க்காத, வளைஞ்சு போனா பைப்புக்கு ஒண்டும் ஆகாது. மூட முதல் டேப்ப விரிச்சு வச்சு, கிணத்துக் கட்டும் வேலிக்கட்டையும் தெரியிற மாதிரி போட்டோ எடுத்து வை. பத்து வருசத்தில நீயே மறந்திடுவ.